வீட்டு மேடையில் டிராஃப்ட் பீர்: கருவியைப் பார்க்கும் முன் கெக்கின் கெடுவைப் பாருங்கள்

வீட்டில் டிராஃப்ட் பீர், அதாவது குழாய் வழியாகப் பிடிக்கும் பீர், தரும் கருவி வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை கிளாஸ் செலவாகும்? கேட்டவர் பெரும்பாலும் அதை யோசித்திருக்க மாட்டார். கருவி எத்தனை டிகிரிக்குக் குளிர வைக்கும், சமையல் மேடையில் எவ்வளவு இடம் எடுக்கும், பார்க்க எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அலசி முடித்திருப்பார். அவையும் வேண்டியவைதான். ஆனால் முதல் கிளாஸைப் பிடித்த நொடியிலிருந்து, பீர் அடைத்து வரும் கொள்கலனான கெக்குக்கு ஒரு கெடு ஓடத் தொடங்குகிறது. அந்தக் கெடுவுக்குள் உங்கள் வீட்டில் வழக்கம்போல் குடித்துத் தீரும் அளவு எதுவோ, அந்த அளவு கெக்தான் உங்களுக்கானது. கருவியை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாட்டிலில் வருவதும் கெக்கில் வருவதும் பெரும்பாலும் ஒரே பீர்தான். அது கிளாஸுக்கு வந்து சேரும் வழிதான் வேறு. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூ தரும் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டால் உடைந்து கந்தக நாற்றம் எடுக்கும். பச்சை பாட்டிலிலும் நிறமில்லாத பாட்டிலிலும் அது சீக்கிரம் வரும், பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும். உலோகக் கெக்குக்குள் வெளிச்சம் போகவே போகாது. ஆனால் கேனுக்குள்ளும் போகாது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். கெக்குக்கு இருக்கும் உண்மையான பலம் நுரை. அழுத்தத்தோடு ஒரு சிறிய துளை வழியாக வரும் பீர், நெருக்கமான சின்னச் சின்னக் குமிழ்களாக நுரை கட்டும். அந்த நுரை வாசனையைப் பிடித்து வைத்து, ஒவ்வொரு மிடறுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

அந்த நுரையை ஆள்வது இரண்டே விஷயங்கள்: குளிரும் அழுத்தமும். ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில், சாதாரணக் காற்றழுத்தத்தில், சுமார் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது 0.9 லிட்டருக்கும் கீழே வந்துவிடும். பீரும் ஏறக்குறைய இப்படித்தான். சூடு ஏற ஏற, உள்ளே கரைந்திருக்கும் வாயு வெளியே வரத் துடிக்கும். குழாயைத் திறந்ததும் கிளாஸ் முழுக்க நுரையாக வந்தால், பத்தில் ஒன்பது தடவை காரணம் கெக் போதுமான அளவு குளிரவில்லை என்பதே. கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு தெர்மாமீட்டரை கிளாஸுக்குள் வைத்துப் பாருங்கள்.

இதை நான் கற்றது ஒரு சனிக்கிழமை மாலை. 6 லிட்டர் கெக் ஏற்கும் கருவியைப் புதிதாக வாங்கியிருந்தேன். காலை பத்து மணிக்கு, அறை வெப்பத்தில் கிடந்த கெக்கை உள்ளே வைத்து மூடினேன். மாலை ஏழு மணிக்கு ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். கருவியின் திரை இன்னும் 11 டிகிரி காட்டியது. பொறுக்காமல் பிடியை இழுத்தேன். முதல் கிளாஸ் நுரை, இரண்டாவதும் நுரை, மூன்றாவதில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு பீர். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பெரிய ஜாடியில் பிடித்து, நுரை அடங்கும்வரை ஃப்ரிட்ஜில் வைத்துப் பரிமாறினேன். வாயுவில் பாதி போய்விட்டிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? மேடையில் வைக்கும் கருவிகள் பலவற்றில் ஃப்ரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரஸர் கிடையாது. பெல்டியர் தகடு என்ற ஒன்று இருக்கும். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும் என்பதை 1834-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெல்டியர் கண்டறிந்தார். அந்தத் தத்துவம்தான் இது. சிறியது, அதிராது, கேட்பது மின்விசிறியின் மெல்லிய இரைச்சல் மட்டும். ஆனால் பலம் குறைவு. 6 லிட்டர் பீரை 28 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு இறக்க சுமார் 630 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நொடிக்கு 15 ஜூல் வெளியேற்றும் தகடு என்றால், கணக்குப்படி பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதில் வெளியிலிருந்து கசியும் சூட்டைச் சேர்க்கவில்லை. இன்னொன்று, இத்தகைய தகடுகள் பொதுவாக அறை வெப்பத்தைவிட 20 டிகிரி அளவுக்குத்தான் கீழே இறக்கும். அறையே 35 டிகிரியில் இருந்தால், கருவியில் 3 என்று அமைத்தாலும் பீர் அங்கே போய்ச் சேராது. உங்கள் வீடு சூடான வீடு என்றால் இந்த ஒரு விஷயமே பாதி முடிவை எடுத்துவிடும். ஒன்று, கெக்கை முந்தைய நாளே ஃப்ரிட்ஜில் வைக்க இடம் வேண்டும். இல்லையென்றால் கம்ப்ரஸர் உள்ள கருவியைத் தேட வேண்டும்.

சரி, இனி என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

பலர் மனதில் இருப்பது தானே குளிர வைத்து, தானே அழுத்தம் கொடுக்கும் கருவி. பிலிப்ஸின் பெர்ஃபெக்ட்டிராஃப்ட் 6 லிட்டர் கெக் ஏற்கும், 3 டிகிரிக்குக் குளிர வைக்கும், திறந்த கெக் 30 நாள் நன்றாக இருக்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ஹைனெக்கனின் பிளேடு 8 லிட்டர், அதற்கும் 30 நாள். ஹைனெக்கனும் க்ரப்ஸும் சேர்ந்து கொண்டுவந்த சப் என்ற கருவி 2 லிட்டர் கொள்கலன் ஏற்கும், அதற்கு 15 நாள். இந்த மூன்று எண்களையும் உங்கள் வாரக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். 330 மில்லி கிளாஸில் வாரத்துக்கு 3 குடிக்கும் ஒருவருக்கு ஒரு லிட்டர்தான் செலவு. 30 நாளில் அவர் நாலேகால் லிட்டரைத் தாண்ட மாட்டார், 6 லிட்டர் கெக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். அதே ஆளுக்கு 2 லிட்டரும் 15 நாளும் அச்சாகப் பொருந்தும். இருவர் குடிக்கும் வீடு என்றால் 6 லிட்டர் சரியாகத் தீரும். 8 லிட்டர், அடிக்கடி நாலைந்து பேர் கூடும் வீட்டுக்கு.

30 நாள் எப்படித் தாங்குகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பீரைத் தள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று கார்பன் டை ஆக்சைடையே உள்ளே விட்டுத் தள்ளுவது. மற்றொன்று, பீர் ஒரு பைக்குள் இருக்க, பைக்கும் கொள்கலச் சுவருக்கும் நடுவே காற்றை அடித்துப் பையைப் பிழிவது. இரண்டாவது வழியில் காற்று வேலை செய்கிறது, ஆனால் பீரைத் தொடுவதில்லை. ஆக்சிஜன் பட்டால் பீர் பழசாகி நனைந்த அட்டைப்பெட்டி மாதிரிச் சுவைக்கும். இந்த இரண்டு வழிகளும் அதைத்தான் தடுக்கின்றன. இந்த இரண்டில் ஒன்று இல்லாத எந்தக் கருவியும் நாள்கணக்கு பேச முடியாது. கடைக்காரர் என்ன சொன்னாலும், "உள்ளே போவது என்ன வாயு, அது பீரைத் தொடுமா?" என்று கேளுங்கள்.

இந்த வகையின் பெரிய குறை பூட்டு. கருவியை வாங்கியபின் அதற்கென்று செய்த கெக்கைத்தான் வாங்க முடியும். உங்களுக்குப் பிடித்த பீர் அந்தக் கெக்கில் வருகிறதா, நீங்கள் இருக்கும் ஊரில் அது தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதா, காலிக் கெக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களா என்பதைக் கருவி வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். கெக் வராத கருவி மேடையை அடைத்துக்கொண்டு நிற்கும் பெட்டிதான். மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்கலாம்: 70 வாட் எடுக்கும் கருவி நாள் முழுக்க ஓடினால் 1.7 யூனிட் ஆகும், 30 நாளைக்கு 50 யூனிட். கம்ப்ரஸர் கருவி விட்டுவிட்டு ஓடுவதால் குறையும்.

அடுத்தது 5 லிட்டர் மினி கெக். அடியில் ஒரு சின்னக் குழாய் பொருத்தியே வரும் டின் இது. கருவியே வேண்டாம், ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து மேடை ஓரத்தில் வைத்தால் போதும். பலருக்கும் பிடித்த வழி, எனக்கும் பிடிக்கும். ஆனால் இதில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண வகையில் முதல் சில கிளாஸ்கள் உள்ளழுத்தத்தில் வரும். அப்புறம் வேகம் குறைந்ததும் மேலே உள்ள அடைப்பைத் திருகிக் காற்றை உள்ளே விட வேண்டும். விட்ட அன்றே முடித்துவிடுவது நல்லது. ஒரு தடவை நாங்கள் சனிக்கிழமை திறந்த மினி கெக்கில் ஒன்றரை லிட்டர் மிஞ்சியது. திங்கட்கிழமை மாலை பிடித்துப் பார்த்தேன். நிறம் அப்படியே இருந்தது, கிளாஸின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடுகூட நிற்கவில்லை, வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. கீழே ஊற்றினேன். இன்னொரு வகையில் வாயுக் குப்பி டின்னுக்குள்ளேயே இருந்து, பீர் குறையக் குறைய அழுத்தத்தைச் சரிசெய்துகொண்டே வரும். ஹைனெக்கனின் 5 லிட்டர் டிராஃப்ட் கெக் அப்படிப்பட்டது. குளிரில் வைத்தால் அது வாரக்கணக்கில் தாங்கும். வாங்கும்போது டின்னின் மேல் எந்த வகை என்று படித்துவிடுங்கள்.

சாதாரண மினி கெக்குக்கு மேலே பொருத்தும் தனிக் குழாய்களும் கிடைக்கின்றன. அவற்றில் 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியைத் திருகி வைப்பார்கள். 16 கிராமிலிருந்து சாதாரண அழுத்தத்தில் 8 லிட்டருக்குச் சற்று மேல் வாயு வரும். 5 லிட்டர் கெக்கைத் தள்ள ஒன்று போதலாம், கசிவு இருந்தால் இரண்டு ஆகும். இரண்டு எச்சரிக்கை. குப்பியின் வாய் ஒருமுறை குத்தப்பட்டால், உள்ளிருப்பது தீரும்வரை கழற்றக் கூடாது. பீறிட்டு வரும் வாயு கை விரலை உறைய வைக்கும் அளவுக்குக் குளிராக இருக்கும். அப்புறம், க்ரீம் அடிக்கப் பயன்படும் சின்னக் குப்பிகள் பார்க்க இதே மாதிரி இருக்கும். அவற்றுக்குள் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு, பீருக்கு ஆகாது. கையால் அடிக்கும் பம்பு வைத்த குழாயை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பம்பு அடிப்பது காற்றை, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். ஒரே மாலையில் முழுக் கெக்கும் தீரும் கூட்டத்துக்கு மட்டும் அது சரி.

கேனிலிருந்தோ பாட்டிலிலிருந்தோ பீரை இழுத்து, மீயொலி அதிர்வால் நுரை கட்டவைக்கும் கருவிகள் ஒரு தனி வகை. இவற்றுக்குக் கெடுவே கிடையாது. ஒரு கேனைத் திறக்கிறீர்கள், ஒரு கிளாஸ் குடிக்கிறீர்கள், கதை முடிந்தது. எந்தப் பிராண்டும் போடலாம், பூட்டு இல்லை. அதிர்வு பீரில் கரைந்திருக்கும் வாயுவையே சின்னக் குமிழ்களாகப் பிரித்தெடுக்கிறது. நுரை நிஜமாகவே நன்றாக இருக்கும். இந்தக் கருவிகள் குளிர வைக்காது, கேன் முன்பே குளிர்ந்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு கிளாஸ் என்ற வீட்டுக்கு, கெக் கருவி எதையும்விட இதையே முதலில் சொல்வேன்.

ஸ்டவுட் என்ற கறுப்பு நிற பீரின் விரும்பிகளுக்கு ஒரு தனி வார்த்தை. அந்தப் பட்டுப் போன்ற நுரை கார்பன் டை ஆக்சைடால் வருவதல்ல, நைட்ரஜனால் வருவது. நைட்ரஜன் பீரில் மிகக் குறைவாகவே கரையும், அதனால் குமிழ் மிகச் சிறியதாக இருக்கும். மதுக்கூடங்களில் ஏறக்குறைய 75 சதவீதம் நைட்ரஜன் கலந்த வாயுவை அதிக அழுத்தத்தில் கொடுத்து, துளையிட்ட தகடு வழியாகப் பிடிக்கிறார்கள். மேடைக் கருவிகளில் பெரும்பாலானவை இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1980-களின் இறுதியில் கின்னஸ் பீர் நிறுவனம் தன் கேனுக்குள் நைட்ரஜன் அடைத்த ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டை வைத்து இந்தச் சிக்கலைத் தீர்த்தது. உங்களுக்குப் பிடித்தது ஸ்டவுட் மட்டுமே என்றால் கருவியை மறந்துவிட்டு அந்தக் கேனை வாங்குங்கள்.

பக்கத்தில் பீர் காய்ச்சுமிடம் இருந்தால் க்ரௌலர் ஒரு நல்ல வழி. 64 அவுன்ஸ், அதாவது சுமார் 1.9 லிட்டர் கொள்ளும் குடுவை. போய் நிரப்பிக்கொண்டு வரலாம். சாதாரணக் கண்ணாடிக் குடுவையைத் திறந்தால் அன்றோ மறுநாளோ தீர்க்க வேண்டும். குப்பி வைத்து அழுத்தம் காக்கும் இரட்டைச் சுவர் எஃகுக் குடுவை இன்னும் பல நாள் தாங்கும், குழாயும் உண்டு. மின்சாரம் வேண்டாம், ஃப்ரிட்ஜ் கதவருகே நின்றுவிடும். அளவில் இது ஏறக்குறைய 2 லிட்டர் கருவிக்குச் சமம், பீர் தேர்வு உங்கள் கையில்.

இனி பெரியது. ஃப்ரிட்ஜையே பீர் பெட்டியாக்கி, உள்ளே 19 லிட்டர் கெக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ரெகுலேட்டரும் வைத்து மேலே குழாய் பொருத்துவது. பீர் 3 அல்லது 4 டிகிரியில், அழுத்தம் 10 முதல் 12 பி.எஸ்.ஐ., உள்துளை 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான டியூப் சுமார் 3 மீட்டர். டியூப் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்பார்கள். உள்ளே உராய்ந்து வரும்போது பீரின் வேகம் தணிந்தால்தான் கிளாஸில் அமைதியாக இறங்கும். குட்டையாக வெட்டினால் நுரை சீறும். வாயு தொடர்ந்து காப்பதால் பீர் மாதக்கணக்கில் நன்றாக இருக்கும், ஆக கெடு விஷயத்தில் எல்லாவற்றையும் வெல்வது இதுதான். ஆனால் டியூபைக் கழுவும் வேலை உங்கள் தலையில். அமெரிக்காவின் புரூவர்ஸ் அசோசியேஷன் 14 நாளுக்கு ஒருமுறை காரக் கரைசலால் கழுவச் சொல்கிறது. கழுவாவிட்டால் பாக்டீரியா குடியேறி பீரில் வெண்ணெய் வாசனையும் புளிப்பும் வரும். சிலிண்டரைக் காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் வைக்கக் கூடாது. கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, உயிருக்கே ஆபத்து. வீட்டில் தாமே பீர் காய்ச்சுபவர்களுக்கு இந்த உழைப்பு தகும். மற்றவர்களுக்கு, என் கருத்தில், தகாது.

கழுவுவதில் சின்னக் கருவிகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பல வகைகளில் ஒவ்வொரு கெக்குடனும் புது டியூப் வந்துவிடும், பழையதைத் தூக்கிப் போடலாம். இருந்தாலும் குழாயின் முனையையும் சொட்டுத் தட்டையும் மறந்துவிடாதீர்கள். தட்டில் தேங்கும் ஒரு மேசைக்கரண்டி பீர் இரண்டே நாளில் புளித்து, பழ ஈக்களைக் கூப்பிட்டுவிடும். இரவு படுக்கும் முன் தட்டைக் கழற்றி வெந்நீரில் அலசுவது அரை நிமிட வேலை.

கிளாஸ் சுத்தமாக இல்லாவிட்டால் எந்தக் கருவியும் உதவாது. எண்ணெய்ப் பிசுக்கு நுரையைக் கொன்றுவிடும். கழுவிய கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள்: உள்சுவரில் தண்ணீர் ஒரே படலமாக ஒட்டி இறங்கினால் சுத்தம், திட்டுத் திட்டாகப் பிரிந்தால் பிசுக்கு இருக்கிறது. பிடிக்கும் முன் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை நனைத்து, 45 டிகிரி சாய்த்து, பிடியை முழுதாக இழுக்க வேண்டும். பயந்து பாதி திறந்தால் பீர் இடுக்கில் சிதறி நுரையாகும். முக்கால் கிளாஸ் வந்ததும் மெல்ல நிமிர்த்தினால், சுவரோடு வழுக்கி வந்த பீர் இப்போது நடுவில் விழும், சத்தம் கனக்கும், வெள்ளை நுரை இரண்டு விரல் உயரத்துக்கு எழுந்து நிற்கும். குழாய் முனை பீருக்குள் முங்கக் கூடாது. இதே கையால் குளிர்ந்த கேனைச் சுத்தமான கிளாஸில் ஊற்றினாலும் முக்கால்வாசி சுகம் வந்துவிடும். கருவியே வாங்காமல் இருப்பதும் இந்த ஒப்பீட்டில் ஒரு தேர்வுதான், அதற்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன்.

எனக்குப் பெரிதாகப் பட்ட விஷயத்துக்கு வருகிறேன். கெக் வாங்கிய முதல் மாதம், இருபத்தைந்தாம் நாள் பார்த்தால் இன்னும் இரண்டு லிட்டர் மிச்சம். வீணாகிவிடுமே என்று, வழக்கமாகக் குடிக்காத செவ்வாய், புதன்கிழமைகளிலும் ஒரு கிளாஸ் பிடித்தேன். எனக்கு ஆசை இருந்ததா என்றால் இல்லை, கெடு நெருங்கியதால் குடித்தேன். 5 சதவீத பீர் 6 லிட்டரில் 300 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டலில் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஒரு யூனிட் 10 மில்லி ஆல்கஹால், அப்படியென்றால் ஒரு கெக் 30 யூனிட். எந்த அளவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. கெக்கின் கணக்குக்காக நம் கணக்கை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் இப்போது அந்தக் கருவி அலமாரியில் இருக்கிறது. சாதாரண நாட்களில் ஒரு கேன், ஒரு நல்ல கிளாஸ். ஆறேழு பேர் வருவது உறுதியான வாரத்தில் மட்டும் கெக் வாங்குகிறேன். ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்று எண்ணிப் பார்த்தால் 330 மில்லியில் பதினான்கு, 6 லிட்டரில் முதல் கிளாஸ் நுரை போக மூன்று கிளாஸ்தான் மிஞ்சும். வெள்ளிக்கிழமை இரவே கெக்கை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நிற்க வைத்துவிடுவேன். உறைபெட்டியில் வைப்பதில்லை, மைனஸ் இரண்டு மூன்று டிகிரியிலேயே பீர் உறைய ஆரம்பித்துவிடும். சனிக்கிழமை மதியம் கருவியை எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துச் செருகுகிறேன், பின்பக்கச் சூடு வெளியேற இடம் வேண்டும். குளிர்ந்த கெக் உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் திரையில் 3 தெரியும்.